சூரியனை அணைக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய எரிசக்தி அமைச்சர் அவர்களுக்கும், இலங்கை மின்சார சபையின் பொறுப்பாளர்களுக்கும், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி, ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரை ஒவ்வொரு நாளும் பிற்பகல் 3 மணி வரைக்கும், கூரையில் பூட்டிய சூரிய மின் தொகுதிகளை நாங்களாகவே அணைத்து வைக்கும்படி கேட்டிருந்தீர்கள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும் நாள்களில் மின்சாரத் தேவை படுத்துவிடும், வெயிலோ உச்சத்தில் நிற்கும், ஆகவே மின் வலையமைப்பு நிலைகுலைந்து நாடு முழுவதும் இருளலாம் என்பது நீங்கள் சொன்ன காரணம். அந்தக் காரணத்தை மறுத்து வாதாட நான் இதை எழுதவில்லை. கேட்டீர்கள், அணைத்தோம். அதன் பிறகு என்ன நடந்தது என்பதைப் பற்றியே எழுதுகிறேன். அணைத்த மணிகளுக்கு ஈடு எதுவும் வரவில்லை. இனி எந்த நாள்களில், எவ்வளவு நேரம், யாரை முதலில் அணைக்கச் சொல்வீர்கள் என்பதற்கு எழுத்தில் ஒரு விதி எங்கள் கைக்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான். புதிதாக இணைபவர்களிடம் வாங்கும் யூனிட்டின் விலையைக் குறைத்து நீங்கள் விடுத்த அறிவித்தல்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நீளமான மடல்களில் கோரிக்கை கடைசிப் பக்கத்தில் இருந்தால் அது அங்கேயே இருந்துவிடுகிறது. நீங்கள் அணைக்கச் சொல்லும் ஒவ்வொரு மணிக்கும் ஈடு கொடுங்கள். பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்கும் ஏற்பாட்டை ஒரு திகதி குறித்துச் செய்யுங்கள்.

தலைநகரில் இருப்பவர்களுக்கு இது சிறிய விடயமாகத் தெரியலாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், எங்கள் ஒழுங்கையில், தையல் தொழில் செய்யும் ஒரு பெண் இருக்கிறார். 2022ஆம் ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், பாடசாலைச் சீருடைகளை வெட்டி வைத்துவிட்டு இரண்டு மோட்டார்த் தையல் இயந்திரங்களுக்கும் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர். அந்த அனுபவத்துக்குப் பிறகு, வங்கியொன்றில் கடன் எடுத்து, போதாததற்குக் காப்பையும் அடகு வைத்து, யூனிட்டுக்கு 27 ரூபாய் விலை நடைமுறையில் இருந்தபோது ஐந்து கிலோவாட் தொகுதியொன்றைக் கூரையில் பூட்டினார். பகலில் இயந்திரங்கள் ஓடியது போக மிஞ்சியது உங்கள் கம்பிக்கு வரும். அதற்கு நீங்கள் கொடுக்கும் பணம் கடன் தவணைக்குப் போகும். இதுதான் அவருடைய கணக்கு. நீங்கள் காட்டிக் கொடுத்த கணக்கும் இதுதான்.

புத்தாண்டன்று காலை, பொங்கிப் படைத்துவிட்டு, அவர் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, சுவரில் இருக்கும் ஐசொலேற்றரை, அதாவது இணைப்பைத் துண்டிக்கும் ஆளியை, திருப்பி அணைத்ததை நான் பார்த்தேன். வெயில் மின்சாரத்தை வீட்டுக்கும் கம்பிக்கும் ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டரின் பச்சை விளக்கு நின்றது. கைப்பேசிச் செயலியில் மலை போல ஏற வேண்டிய கோடு, தரையோடு படுத்துக் கிடந்தது. பின்னேரம் 3 மணிக்கு மறுபடியும் முக்காலி. மேற்கே சரிந்துவிட்ட வெயிலில் கிடைப்பதுதான் கிடைத்தது. நாளொன்றுக்கு 15 யூனிட் என்று குறைத்தே வைத்தாலும், அந்த 9 நாள்களில் 135 யூனிட். 27 ரூபாய்ப்படி 3,645 ரூபாய். அத்தோடு அந்த மணிகளில் வீட்டுக்குத் தேவைப்பட்ட மின்சாரத்தை உங்களிடமிருந்தே விலைக்கு வாங்கினார். வங்கி அந்த மாதத் தவணையில் புத்தாண்டுக் கழிவு எதுவும் கொடுக்கவில்லை. அமைச்சின் வரவு செலவில் 3,645 ரூபாய் ஒரு வாகனத்தின் ஒரு நாள் எரிபொருளுக்கும் காணாது. தையற்கூலியில் வாழ்பவருக்கு அது எத்தனை சட்டைகள் என்று உங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைத் தன்விருப்பில் செய்யும் உதவி என்றீர்கள். அணைக்காவிட்டால் நாடே இருளும் என்று அதே மூச்சில் சொல்லிவிட்டு, விருப்பமிருந்தால் அணையுங்கள் என்று கேட்பது எந்த வகை விருப்பம் என்று தெரியவில்லை. விருப்பத்தோடு அணைத்தவர் நட்டப்பட்டார். கேட்டும் கேளாதது போல இருந்தவர் முழு வருமானமும் பெற்றார். நாட்டுக்கு ஒத்துழைத்தவரைத் தண்டித்து, ஒத்துழைக்காதவருக்குப் பரிசு கொடுத்த ஏற்பாடு அது. அடுத்த முறை எத்தனை பேர் முக்காலியில் ஏறுவார்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் அவர்கள் கூறினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தக் குரங்கைப் பற்றி எழுதின. சில நாள்களில் விளக்கம் மாறியது. குரங்கு தப்பிவிட்டது, பழி கூரைகளின் மேல் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்ததால், ஒரு சிறிய அதிர்ச்சியைக்கூடத் தாங்க முடியாமல் வலையமைப்பு விழுந்தது என்றார்கள் பொறியியலாளர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். சுழலும் பெரிய இயந்திரங்களின் எடைதான் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் பிடித்து வைக்கிறது. எங்கள் இன்வேர்ட்டர்களுக்கு அந்த எடை கிடையாது. ஆனால் அன்றைக்கு விழுந்த நுரைச்சோலை நிலக்கரி ஆலையின் மூன்று இயந்திரங்களும் உடனே எழும்ப முடியாமல் கிடந்ததால்தான் அடுத்து வந்த நாள்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது என்பதையும் அதே பொறியியலாளர்கள் அறிவார்கள். 900 மெகாவாட் நிலக்கரி ஆலையை நினைத்த நேரம் இறக்கவும் முடியாது, விழுந்தால் நினைத்த நேரம் ஏற்றவும் முடியாது. இப்படி வளைந்து கொடுக்காத ஒன்றை வலையமைப்பின் நடுவில் வைத்துக்கொண்டு, வளைந்து கொடுக்க வேண்டியது ஐந்து கிலோவாட் வீட்டுக்காரர் என்று முடிவெடுத்திருக்கிறீர்கள்.

நாங்கள் அழைக்காமல் வந்தவர்கள் அல்லர் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 2016ஆம் ஆண்டு ‘சூரிய பல சங்கிராமய’ என்று பெயர் வைத்து, சூரிய பலத்துக்கான போராட்டத்துக்கு வாருங்கள் என்று அழைத்தது அரசாங்கம். முதல் ஏழு ஆண்டுக்கு யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபாய் 50 சதம் என்று இருபது ஆண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது அரசாங்கம். 2030ஆம் ஆண்டில் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வரும், புதிதாக நிலக்கரி ஆலை கட்டமாட்டோம், 2050இல் காபன் நடுநிலையை எட்டுவோம் என்று 2021இல் ஐக்கிய நாடுகளுக்கு எழுதிக் கொடுத்ததும் அரசாங்கமே. அரசாங்கங்கள் மாறிவிட்டன என்பது பதிலாகாது; ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் முத்திரை மாறவில்லை. பத்து ஆண்டுகளாக வீடு வீடாகச் சூரியப் படலங்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இணைப்பும் சபையின் அனுமதியோடு, சபையின் மீற்றரோடு ஏறியது. எத்தனை மெகாவாட் ஏறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் ஒரு கூரையிலும் ஏறவில்லை. களஞ்சியம் கட்டாமல் ஊரையே விதைக்கச் சொல்லிவிட்டு, அறுவடை நாளில் நெல் மிஞ்சிப்போயிற்று என்று கமக்காரனைக் கோபிப்பது போல இருக்கிறது இது.

களஞ்சியம் கட்ட முடியாத ஒன்றும் அல்ல. தென் அவுஸ்திரேலிய மாநிலம் 2016 செப்டெம்பரில் முழுவதும் இருண்டது. 2017 டிசம்பரில் அங்கே 100 மெகாவாட் மின்கல நிலையம் ஒன்று வேலை செய்யத் தொடங்கிவிட்டது. எங்களிடம் மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் பல ஆண்டுகளாகக் காகிதத்தில் ஏறி ஏறி இறங்குகிறது. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, மாலை ஆறரைக்குப் பிறகு தேவை உச்சத்துக்குப் போகும்போது கீழே விட வேண்டிய திட்டம் அது. இந்தச் சிக்கலுக்கென்றே வரைந்தது போன்றது. மின்கலத் தொகுதிகள் பற்றியும் பேசப்படுகிறது என்பதை அறிவோம். பேச்சுக்கு ஒரு திகதி போடுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

புதிய விலை அறிவித்தலில் இதற்கு வழி சொல்லியிருக்கிறோம் என்று நீங்கள் பதில் சொல்லலாம். 2025இல் ஐந்து கிலோவாட்டுக்கு உட்பட்ட புதிய இணைப்புக்கு 27 ரூபாயை 20 ரூபாய் 90 சதமாகக் குறைத்தீர்கள். மின்கலம் வைத்து, இரவின் உச்ச நேரத்தில் கொடுப்பவருக்கு 45 ரூபாய் 80 சதம் என்றீர்கள். படலங்களின் விலை உலகச் சந்தையில் விழுந்துவிட்டது, ஆகவே கொள்வனவு விலையும் இறங்க வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. மின்கலத்துக்குத் தனி விலை வைத்ததும் நல்ல யோசனைதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அந்த மின்கலத்தை வாங்க இன்னும் பல இலட்சம் வேண்டும். காப்பை ஏற்கெனவே அடகு வைத்துவிட்டவரிடம் இனி வைக்க என்ன இருக்கிறது? கொழும்பில் குளிரூட்டி ஓடும் மாளிகைக்காரர் 45 ரூபாய் 80 சதத்துக்கு விற்பார். எங்கள் ஒழுங்கைக்காரர் 3 மணி வரை அணைத்து வைப்பார். சேமிப்பின் பாரத்தை வீட்டுக்காரர் தலையில் ஏற்றுவதானால், தகுந்த வட்டியில் மின்கலக் கடனையும் ஏற்பாடு செய்துவிட்டு ஏற்றுங்கள். இல்லையேல் துணைமின்நிலையத்தில் நீங்களே வையுங்கள். இரண்டில் எது என்றாலும் எங்களுக்குச் சம்மதம்.

வடக்கில் இருப்பவர்களுக்கு இந்த விடயத்தில் சற்று அதிகமாகவே வலிக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் தேசிய மின்கம்பி எங்களுக்கு எட்டவில்லை. குடாநாடு டீசலில் எரிந்தது. அந்த டீசலின் மிச்சம் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய்ப் படலமாக மிதந்ததை நாடு அறியும். உயர் நீதிமன்றம் 2019இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டும்படி மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டதையும் அறியும். ஆற்றுநீர் இல்லாத மண் இது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குடிக்கும் தேநீருக்கும் ஒரே கிணறுதான். ஆகவே கூரையில் வெயிலைப் பிடிப்பது எங்களுக்கு நாகரிகமோ, பணம் புரட்டும் வழியோ மட்டும் அல்ல.

குடாநாட்டுக்கு அருகே கடலில் இருக்கும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றைப் பாருங்கள். டீசல் இயந்திரத்தை விட்டுச் சூரியனுக்கும் காற்றுக்கும் மாறும் திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. அயல்நாடான இந்தியா முகம் சுளித்தது. அதே ஆண்டு முடிவில் அது நின்றது. பிறகு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. மூன்று ஆண்டுக்கு மேல் பெரியவர்கள் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, தீவாருக்குப் படகில் டீசல் பீப்பாய்தான் போய்க்கொண்டிருந்தது.

சூழலின் பெயரால் இந்த நாட்டில் செய்யப்படுபவை எல்லாம் ஏன் இப்படி எப்போதும் கீழே இருப்பவனின் முதுகில் வந்து நிற்கின்றன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்து, அதை கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பெருமையாகவும் சொன்னார்கள். விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையும் விழுந்தது, நட்டம் மட்டும் கமக்காரனிடம் நின்றது. மன்னார்த் தீவில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் சுழல்கின்றன; இன்னும் நடப்போகிறோம் என்றபோது, வெள்ளம் வடியாது, கரைவலை போகும் என்று மக்கள் வீதியில் இறங்கிய பிறகுதான் 2025 ஆகஸ்டில் வேலையை ஒரு மாதத்துக்கு நிறுத்தி, பேசலாம் என்றீர்கள். பேசிவிட்டு நட்டிருக்கலாமே. திருகோணமலையின் சம்பூரில், 2006இல் போரால் துரத்தப்பட்ட மக்களின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி ஆலை வரவிருந்தது, 2016இல் கைவிடப்பட்டது, நல்லது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய நிலையத்தின் கட்டுமான வேலையை இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் கொழும்பிலிருந்தபடியே தொடக்கி வைத்தார்கள். அதே நாளில் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டிடங்களுக்குக் கூரைச் சூரியத் தொகுதிகள் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. அது நடந்து எட்டு நாள்களுக்குள், ஏற்கெனவே கூரையில் இருப்பவற்றை அணையுங்கள் என்றீர்கள். கோவில் கூரையில் ஏறப்போகும் படலத்துக்கும் நீங்கள் விடுமுறை அறிவிப்பீர்களா, அல்லது அவற்றுக்குத் தெய்வம் பொறுப்பா என்று எங்கள் ஒழுங்கையில் பகிடியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலையின் இடர்ப்பாட்டையும் உணர்கிறேன். இந்த நாட்டில் ஒருவர் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டுத்தான் வெளியேறுகிறது. உலகச் சராசரி நான்கு தொன்னுக்கு மேல். உலகத்தைச் சூடாக்கியவர்கள் நாங்கள் அல்லர். கடன் சுமையோடு திணறும் சிறிய நாடொன்று, மற்றவர்கள் செய்த வினைக்குத் தன் வலையமைப்பைத் திருத்த வேண்டியிருப்பது அநியாயம்தான், அந்த அநியாயத்தை நீங்கள் உலக மேடைகளில் எடுத்துச் சொல்லும்போது நாங்களும் உங்கள் பின்னால் நிற்போம். ஆனால் பணக்கார நாடுகள் எங்களுக்கு ஈடு தர வேண்டும் என்று வெளியே கேட்கும் அரசாங்கம், தன் நாட்டுக்குள் அணைத்து வைத்த மணிகளுக்கு ஈடு கேட்கும் குடிமகளுக்கு என்ன பதில் சொல்லப்போகிறது?

பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பது பற்றிய மூன்றாவது சுற்று உறுதிமொழியை 2025ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளிடம் கையளிக்க வேண்டியிருந்தது. அதில் மீண்டும் ஒரு சதவீதமும் ஓர் ஆண்டும்தான். அந்தச் சதவீதத்தின் ஒரு பகுதியை உற்பத்தி செய்பவர்கள் நாங்கள். ஆகவே தாழ்மையோடு மீண்டும் கேட்கிறேன். 2025 ஏப்ரலில் அணைத்தவர்களுக்கு, முந்திய ஆண்டு அதே நாள்களின் மீற்றர் வாசிப்பை வைத்தாவது, ஒப்பந்த விலையில் ஈடு கொடுங்கள். இனிமேல் அணைக்கச் சொல்வதானால், எத்தனை நாள் முன்னறிவித்தல், எந்த ஒழுங்கில், யூனிட்டுக்கு எவ்வளவு ஈடு என்பதை ஆணைக்குழுவின் விதியாக மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். சேமிப்பு ஏற்பாட்டின் முதற்கட்டம் எந்த மாதத்தில், எந்தத் துணைமின்நிலையத்தில் தொடங்கும் என்று சொல்லுங்கள்.

சேமிப்பு வரும் வரைக்கும் ஒரு சிறிய ஆலோசனை. ஞாயிறு, விடுமுறை நாள்களில் காலை 9 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணி வரை தோட்டக் கிணறுகளின் மின்னிறைப்புக்குக் கட்டணத்தைக் குறைத்துப் பாருங்கள். வலிகாமத்தில் இன்னும் மண்ணெண்ணெய் இயந்திரத்தால் இறைக்கிற தோட்டங்கள் இருக்கின்றன. மிஞ்சுகிறது என்று நீங்கள் அஞ்சும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அவர்கள் அந்த நேரத்தில் தயாராகவே இருப்பார்கள். இதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அடுத்த நீண்ட விடுமுறை தூரத்தில் இல்லை. அதற்கு முன்னர் பதிலை எதிர்பார்க்கிறோம். அணைத்த 9 நாள்களின் மீற்றர் விபரங்களை எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் எடுத்து வைத்திருக்கிறார்கள். எந்தப் படிவத்தில், எங்கே கொடுக்க வேண்டும் என்று சொன்னால் கொண்டுவந்து தருவோம்.

இவ்வண்ணம்,
வலிகாமத்துக் கூரைச் சூரிய மின் பாவனையாளர் ஒருவர்